கார்த்திகையிலும் ஒரு முறை பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குமுன் அயலை அறிவது

கொழும்பில் வங்கிப் பணியில் இருக்கும் ஒருவர், மனைவியின் இடமாற்றத்தை ஒட்டிக் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்கே வந்துவிட எண்ணி, கொக்குவில், நல்லூர், அரியாலை ஆகிய மூன்று இடங்களில் மூன்று வீடுகளைப் பார்த்திருக்கிறார். மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் தரகரின் காரில் போய்ப் பார்த்ததாகவும், மூன்றுக்கும் தரகர் "நல்ல அயல்" என்ற ஒரே சொல்லையே சொன்னதாகவும் எழுதி, அது உண்மையா என்று அறிவது எப்படி எனக் கேட்டிருக்கிறார். தமக்கு மிகவும் பிடித்த அரியாலை வீட்டின் சில படங்களையும் இணைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வலிகாமத்துக் காணிகளில் சங்கிலி இழுத்த நில அளவையாளன் என்ற முறையில் நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஓர் அயலை அறிய வேண்டுமானால் முதலில் அதன் தண்ணீரை அறிய வேண்டும். கார்த்திகையில் மழைத் தண்ணீர் எங்கே நிற்கிறது, ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே தெரிந்துவிடும். தரகர்கள் வீடு காட்டுவது பெரும்பாலும் தையிலிருந்து சித்திரை வரையிலான மாதங்களில்தான். மழை ஓய்ந்திருக்கும், கிணறு நிறைந்திருக்கும், வேலியோரம் பச்சையாக இருக்கும். அந்த மாதங்களில் குடாநாட்டில் எந்த வளவும் அழகாகத்தான் தெரியும்.

முதலில் வெள்ளம். நம் காணிகளுக்குப் பெயர் உண்டு என்பதைக் கொழும்பில் நெடுநாள் இருந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். காணி உறுதிப் பத்திரத்தை விரித்தால் "இன்ன பெயருடைய காணி, இத்தனை பரப்பு" என்று தொடங்கும். அந்தப் பெயரை முன்னோர் விளையாட்டுக்கு வைக்கவில்லை. பெயரில் பள்ளம், குளம், தரவை, வயல் என்று ஏதேனும் இருந்தால், அந்த இடத்தில் தண்ணீருக்குப் பழைய உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திட்டி என்று இருந்தால் மேடு. கலட்டி என்று இருந்தால் இரண்டு மண்வெட்டி ஆழத்திலேயே கல் தட்டும். வெள்ளப் பயம் குறைவு, ஆனால் கிணறு தோண்டவும் மலசலகூடக் குழி வெட்டவும் செலவு கூடும். நகரத்துக்குள்ளேயே ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்க்கட்டுக்குளம் என்று குளங்களின் பெயர் கேட்டுக்கொண்டே நடக்கலாம். அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுசென்ற வாய்க்கால்கள் எங்கே போயின என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது. சிலவற்றின் மேல் கடை இருக்கிறது, சிலவற்றின் மேல் வீடு இருக்கிறது. நீங்கள் பார்த்த வீடு அந்தச் சிலவற்றில் ஒன்றா என்பதை, விற்பவரிடம் உள்ள புதிய வரைபடத்தோடு நிற்காமல், அந்தக் காணிக்கு முன்னர் வரையப்பட்ட பழைய வரைபடங்களையும் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வரைபடத்தில் காணியின் ஓரமாகச் செல்லும் வாய்க்கால், புதியதில் காணாமற் போயிருந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

பெயரில் பள்ளம் இல்லாத இடத்திலும் இப்போது வெள்ளம் நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. முன்பு வளவுக்கு வளவு கதியால் நட்டுப் பனையோலை அடைத்த வேலிதான். மழைத் தண்ணீர் வேலிக்குக் கீழால் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு ஓடிப் பள்ளத்தையோ குளத்தையோ அடைந்துவிடும். வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கிய பின் வேலிகள் மதிலாயின. ஒவ்வொரு மதிலும் ஒரு சிறிய அணைக்கட்டு. வீதிகளும் திருத்தத்துக்குத் திருத்தம் உயர்ந்துவிட்டதால், ஒரு காலத்தில் வீதியைவிட உயரமாக இருந்த பழைய வீடுகள் பல இன்று வீதிக்குக் கீழே கிடக்கின்றன. ஆகவே வீட்டு வாசலில் நின்று வீதியைப் பாருங்கள். கண் மேல் நோக்கிப் போகிறதா, கீழ் நோக்கிப் போகிறதா என்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வீட்டின் சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் புதிய வர்ணம் பூசியிருக்கிறதா, வளவில் புதிதாகக் கிரவல் கொட்டியிருக்கிறதா, பின்கதவின் நிலைக்கு முன் ஒரு வரிசைக் கல் வைத்துக் கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அயலவரிடம் "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள். "அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை" என்பதே பதிலாக வரும். பக்கத்து வீட்டுக்காரரின் விற்பனையைக் கெடுக்க யாரும் விரும்புவதில்லை. நாளைச் சொல்லிக் கேளுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை, 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் வந்த பெருமழை ஆகியவை இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். "புரெவி நேரம் எங்கே சமைத்தீர்கள்?" என்று ஒரு வயதான அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அடுப்பை எந்த மேசையில் ஏற்றினார், யாருடைய வீட்டுக்குப் போனார், தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று எல்லாமே வந்துவிடும்.

இதை நான் அறிவினால் அல்ல, அடிபட்டுத்தான் கற்றேன். சமாதான காலத்தில், 2003 பங்குனியில், ஊரார் காணிகளை எல்லாம் அளந்து திரிந்த நான் எனக்கென்று ஒரு வீட்டை ஒரே பார்வையில் வாங்கினேன். எல்லைக் கற்கள் சரி, உறுதி சரி, பரப்புச் சரி. அடுத்த கார்த்திகையில் மூன்றாம் நாள் மழையோடு வளவு குளமாயிற்று. மலசலகூடக் குழி நிரம்பி மேலே வந்தது. பின் காணியில் அவ்வாண்டு தொடக்கத்தில் எழுப்பிய மதில்தான் காரணம். நான் அந்த மதிலின் உயரத்தைக்கூடக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். அதற்கு அடியால் முன்பு ஓடிய தண்ணீரைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை.

இனிக் கிணறு. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுந்தான் ஓடும். நமக்கு உள்ளது சுண்ணக்கல் இடுக்குகளில் தங்கும் மழைத் தண்ணீர். அது உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குடாநாட்டின் கிணறுகள் பலவற்றுக்கு அடியிலும் அந்தக் கதைதான் நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளரின் கணக்கு. அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள்: மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் ஏறக்குறைய நாற்பது அடி மேலே வரப் பார்க்கும். எனவே உங்கள் கிணறு உங்கள் கையில் மட்டும் இல்லை. பக்கத்து வளவில் விடுதி கட்டி நாள் முழுதும் மோட்டார் போடுகிறவரின் கையிலும் இருக்கிறது.

கிணற்றைப் பார்க்க ஏற்ற காலம் ஆவணி, புரட்டாதி. மாரிக்கு முன் நீர்மட்டம் அடியில் கிடக்கும். அப்போது மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒரு வாய், முடிவில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இரண்டாவது வாய் சவர்த்தால் விளங்கிக்கொள்ளலாம். அந்த மாதங்களில் வர முடியாவிட்டால் அயலாரின் குசினிகளைக் கவனியுங்கள். கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு. அது யாழ்ப்பாணம் எங்கும் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வீடு மூலையில் நீல நிறத் தண்ணீர்க் கான்கள் அடுக்கியிருந்தால், அந்த ஒழுங்கை தன் கிணற்றைக் குடிநீருக்குக் கைவிட்டுவிட்டது என்று பொருள்.

நாக்குக்குத் தெரியாத கேடு ஒன்றும் உண்டு. செம்மண் தோட்டங்களில் இடும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கழிவும் சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியே கிணற்றுக்குள் நைத்திரேற்று என்னும் உப்பாக இறங்குகின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தரநிலை. மணமும் இல்லை, சுவையும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்றுவதால் செறிவுதான் கூடும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது மிகவும் ஆபத்தானது. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு பரப்பு, அதாவது இருபது பேர்ச் காணியில் உங்கள் குழியை அப்படித் தள்ளி வைக்கலாம். மதிலுக்கு அப்பால் அயலாரின் குழி எங்கே என்று யார் பார்ப்பது? ஆகவே மதிலின் நான்கு பக்கமும் எட்டிப் பார்த்து, கிணறுகளையும் குழிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கேட்டால் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்வார்கள். சுன்னாகத்தை அண்டிய பகுதியில் வாங்குவோர் எண்ணெய்க்கும் சேர்த்துச் சோதிப்பது நல்லது. அங்குக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019இல் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டபின் குழாய்நீர் பற்றிய நம்பிக்கை கூடியிருக்கிறது. ஆனால் திட்டம் வந்துவிட்டது என்பது வேறு, உங்கள் ஒழுங்கைக்குள் குழாய் வந்துவிட்டது என்பது வேறு. வாசலில் மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீருக்கு அடுத்தது ஒழுங்கை. இரவு ஏழரை மணிக்கு, தரகர் இல்லாமல், சந்தியிலிருந்து வீடு வரை நடந்து போங்கள். எத்தனை வீட்டில் வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். கொக்குவிலில் ஓர் ஒழுங்கையில் நான் எண்ணியபோது இருபத்திரண்டு வாசல்களில் ஒன்பதில்தான் ஆள் இருந்தது. மற்றவை கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் வீடுகள். சிலவற்றில் ஒரு முதியவரும் ஒரு நாயும். பூட்டிக் கிடக்கும் வீடு வெறும் வெறுமை மட்டும் அல்ல. மூடாத கிணறும் நிரம்பிய தொட்டியும் மாரியில் நுளம்புக்கு இடமாகும். டெங்கு இங்கே மழைக்குப் பின்னரே கூடுகிறது. பன்னிரண்டு உரித்தாளருக்குப் பிரிபடாமல் கிடக்கும் காணியை எவரும் துப்புரவு செய்வதில்லை. அதே நேரம் ஒழுங்கை முழுதும் ஆள் இருந்தாலும், அவர்கள் எல்லோரும் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தால் அதன் தன்மை வேறு. திருநெல்வேலியிலும் கலட்டியிலும் கந்தர்மடத்திலும் அறை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தும் வீடுகள் பல. எனக்குப் பிள்ளைகளின் சத்தம் பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்குமா என்பது உங்கள் விடயம்.

அந்த ஒழுங்கை யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். மாநகர சபையோ பிரதேச சபையோ பொறுப்பேற்ற பொது ஒழுங்கையா, அல்லது உள்காணிக்காரர் சிலருக்கு உறுதியில் மட்டும் எழுதிவைத்த வழிப்பாத்தியதையா? இரண்டாவதாக இருந்தால் விளக்குப் போடவும் மண் கொட்டவும் நீங்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும். வீட்டுக்காகச் சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனால் இதையும், வீதி அகலிப்புக்கு எத்தனை அடி விட வேண்டும் என்பதையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த ஒழுங்கையிலிருந்தும் ஒரு கோவில் கேட்கும். திருவிழா எத்தனை நாள், ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்துக் கட்டப்படும் என்பதுதான் கேள்வி. நல்லூர்க் கந்தன் திருவிழா இருபத்தைந்து நாள். அந்நாட்களில் கோவிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனத்துக்கு மூடப்படும். உங்கள் காரை எங்கே விடுவது என்று இப்போதே கேட்டு வையுங்கள். அயலில் தனியார் கல்வி நிலையம் இருந்தால் காலையும் மாலையும் ஒழுங்கையில் சைக்கிள் நெரிசல். காங்கேசன்துறைப் பாதையில் 2015 தொடக்கம் புகையிரதம் மீண்டும் ஓடுகிறது. கொக்குவில் வீடு தண்டவாளத்துக்கு அப்பால் என்றால், பிள்ளைகள் நாளாந்தம் கடக்கும் கடவைக்குப் படலை இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். ஆனைக்கோட்டைப் பக்கம் வாங்குவோர் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் போய்ப் பார்க்க வேண்டும். கல்லுண்டாய்க் குப்பை மேட்டில் நெருப்புப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் வரும் என்று அப்போதுதான் தெரியும்.

யாரிடம் கேட்பது? தரகரிடமும் விற்பவரின் உறவினரிடமும் வேண்டாம். கிணறு இறைக்கும் தொழிலாளி, தபாற்காரர், மின்மானி வாசிக்க வருபவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சந்திக் கடைக்காரர் ஆகியோரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை கிணறு இறைப்பவரைப் போல் ஓர் அயலை அறிந்தவர் இல்லை. எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் கல், எதில் சவர், எந்த இரு வீட்டுக்காரர் பேசிக்கொள்வதில்லை என்று எல்லாமே அவருக்குத் தெரியும். விதானையாரிடம், அதாவது கிராம சேவகரிடம், போகும்போது நீங்கள் யார், ஏன் வருகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊரில் "அயல் எப்படி?" என்று கேட்பவர்களில் சிலர் உண்மையில் கேட்பது அங்கே என்ன ஆட்கள் என்ற சாதிக் கேள்வியைத்தான், "நல்ல அயல்" என்ற தரகரின் சொல்லுக்குள்ளும் சில வேளை அதுதான் ஒளிந்திருக்கும். அந்தப் பதிலை வைத்து வீடு வாங்கியவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றதை நான் கண்டிருக்கிறேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உறுதியைச் சட்டத்தரணி பார்ப்பார். ஆனால் அதை அயலின் வரலாறாக நீங்களும் ஒரு முறை வாசியுங்கள். நான்கு எல்லைகளிலும் அயல் காணிக்காரரின் பெயர் எழுதியிருக்கும். முந்திய உறுதிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், கிழக்கு எல்லையில் இருப்பவர் விற்பவரின் சகோதரரா, பொதுக் கிணற்றில் இன்னும் எத்தனை பேருக்குப் பங்கு என்பது தெரியும். இது வெறும் வம்பு அல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணியானால், 1947ஆம் ஆண்டின் முன்வாங்குரிமைச் சட்டத்தின்படி கூட்டு உரித்தாளருக்கும், விற்பவரின் மரபுரிமையாளராக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. பக்கத்துக் காணிக்காரர் என்பதால் மட்டும் அது வராது. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால், மதிலுக்கு அப்பால் இருப்பவரோடு உங்கள் முதல் அறிமுகம் நீதிமன்றத்தில் நிகழக்கூடும். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண்ணாக இருந்தால் கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டுமா என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பாடசாலைக்காக இடம் தேடுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. முதலாந்தர அனுமதியில் வீட்டின் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. வாக்காளர் இடாப்பில் கடந்த ஐந்து ஆண்டுகளின் பதிவையும் பார்த்தே புள்ளி வழங்குகிறார்கள். மகளுக்கு இப்போது நான்கு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். பாடசாலை வாசலிலேயே வீடு வாங்கினாலும் அந்தப் புள்ளிகள் முழுமையாக வராது. இதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் மூன்று வீடுகளுக்கு வருகிறேன். இயன்றால் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். உங்கள் கடிதத்தின்படி நல்லூர் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பவர், வாடகைக்கும் உடன்படக்கூடியவர். நல்லூரில் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் மாரியிலும் கோடையிலும் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். கொக்குவில் வீட்டைப் பொறுத்தவரை எனக்குக் கவலை கிணறும் புகையிரதக் கடவையும்தான். இரண்டும் சரியென்றால் மூன்றிலும் அதுவே பாதுகாப்பான தெரிவு என்பேன்.

அரியாலை வீட்டுக்கு இப்போதைக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிழக்கு மதிலின் அடியில், வாழைக்குப் பின்னால், ஒரு செங்கல் அளவில் மூன்று இடங்களில் சீமெந்து வேறு நிறமாகத் தெரிகிறது. அவை தண்ணீர் போவதற்காக விட்ட துவாரங்கள். பின்னர் யாரோ அடைத்திருக்கிறார்கள். அடைத்த பூச்சு உங்கள் பக்கம் தெரிகிறது. அப்பக்கத்திலும் பூசியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை வரும்போது விற்பவரிடம் பேசுவதற்கு முன் கிழக்கு வீட்டுக்காரரிடம் போய், அவற்றை அடைத்தது யார், எந்த மழைக்குப் பிறகு என்று கேளுங்கள்.